ராட்டினத்தின் இரும்புக் கால்

ஊத்தங்கரையிலிருந்து வெறுங்கையோடு வந்து மத்திகிரியில் வெல்டிங் பட்டறை போட்டேன், வீடு கட்டினேன், இந்தப் பூங்காவின் பெரிய ராட்டினத்துக்கு இரும்புக் காலும் செய்து கொடுத்தேன். இன்று மனைவியோடு டிக்கெட் எடுத்து வந்து அதன் முன்னால் நிற்கிறேன். ராட்டினம் ஓட்டுகிற வேப்பனப்பள்ளிக்காரர் சுற்றவிடும் முன் அந்தக் காலுக்குக் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறார்.

"யாருக்குப்பா இந்தக் கும்பிடு?"

"இதைச் செஞ்ச மகராசனுக்குங்க. ஏறின குழந்தைங்க ஒண்ணுக்கும் இதுவரை ஒரு கீறல் இல்லை."

"அது நான்தாம்பா!"

"போங்க பெரியவரே, நேத்து வந்தவரும் இதையேதான் சொன்னாரு."

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "இவருதான் தம்பி. இந்தக் காலைச் செஞ்ச பட்டறைச் சத்தத்துல மாசக்கணக்கா நான் தூங்கலையே!"

அவர் சிரித்துவிட்டு, விரலில் மிச்சமிருந்த குங்குமத்தை என் நெற்றியில் வைக்கிறார். எனக்குக் கண் நிறைகிறது. அந்த மனுஷன் நல்லா இருக்கணும்.

பூங்கா முதலாளிக்கு ஒன்று சொல்கிறேன். வாசல் கல்வெட்டில் உங்கள் பெயர் இருக்கட்டும். ராட்டினத்தின் காலில் என் பெயரை எழுதியே ஆகணும்.