எந்தக் குருசாமிக்கு ஜெயம்?

டீக்கடைக்காரன் வேலை நேரத்தில் இருமலாமா? இருமினால் என்ன ஆகும் என்று போன செவ்வாய்க்கிழமை தெரிந்துகொண்டேன்.

என் கடை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் இருப்பது உங்களுக்குத் தெரியும். காலை பஸ் அங்கே ஐந்து நிமிஷம் நிற்கும். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் இப்போது கரியில் ஓடுகிற பஸ். என்ஜினை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. அதனால் டிரைவர் அதை உறுமவிட்டே டீ குடிப்பார்.

அன்றைக்கு அந்த பஸ்ஸுக்காக இரண்டு குருசாமிகள் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பங்காளிகள். தாத்தா பெயரை இருவருக்குமே வைத்ததால் ஒருவர் பெரிய குருசாமி, மற்றவர் சின்னக் குருசாமி. வரப்பில் நிற்கிற மாமரம் யாருக்கு என்று மூன்று வருஷமாக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கேஸ். அன்று வாய்தா. வராதவர் தோற்பார் என்று இரண்டு வக்கீல்களும் சொல்லியிருந்தார்கள்.

பஸ் வந்து நின்றது. டிரைவர் டீயைக் கையில் வாங்கினார். அந்த நேரம் பார்த்து வேதக்கோயில் ஞானமுத்து உபதேசியார் உள்ளே வந்தார். டீ வைத்தால் ஜெபம் செய்யாமல் தொடமாட்டார். அவர் கண்ணை மூடினால் கடையே கண்ணை மூடும் — அவ்வளவு மரியாதை.

“பரம பிதாவே, இந்தத் தேநீருக்காக ஸ்தோத்திரம்...” என்று ஆரம்பித்தார். பால் கொடுத்த மாடு, மாட்டுக்காரர் எல்லாருக்கும் ஆசீர்வாதம் கேட்டார். பிறகு, “இன்று கோர்ட்டுக்குப் போகும் குருசாமிக்கு ஜெயம் கொடும்” என்றார்.

பெரிய குருசாமி “ஆமென்” என்றார். சின்னவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

“ஐயா, எந்தக் குருசாமின்னு வெளங்கச் சொல்லுங்க.”

“அது ஆண்டவருக்குத் தெரியும்யா.”

“அவருக்குத் தெரியும். கோர்ட்டுல தெரியணும்லா?”

உபதேசியார் நியாயஸ்தர். முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

இதற்குள் டிரைவர் டம்ளரை வைத்துவிட்டு ஓசைப்படாமல் வெளியே போனார். பால் பொங்கிவிடுமே என்று நான் ஒருவன்தான் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். ஜெபத்தின் நடுவே கத்தலாமா? இருமினேன். இன்னும் பலமாக இருமினேன்.

“இந்தத் தம்பியின் இருமலையும் சுகமாக்கும்...” என்றார் உபதேசியார். அதற்கே ரெண்டு நிமிஷம்.

எல்லாரும் கண்ணைத் திறந்தபோது ரோட்டில் கரிப்புகை மட்டும் இருந்தது. உபதேசியார் டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, ஆறிப்போச்சே” என்றார்.

அடுத்த பஸ் மத்தியானம்தான். அகப்பட்டது பருத்தி ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று. ஆளுக்கொரு திசையைப் பார்த்து இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். ஆனால் எவ்வளவு நேரம் பேசாமல் இருப்பது? முதல் மைலில் பஸ்காரரைத் திட்டினார்களாம். இரண்டாவது மைலில் வக்கீல்களை. அதில் இருவரும் ஒரே கட்சி.

கோர்ட்டில் பெயர் கூப்பிட்டபோது இரண்டு பேருமே இல்லை. கேஸ் தள்ளுபடி. மாமரம் இப்போதைக்கு மாமரத்துக்கே சொந்தம்.

சாயந்தரம் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சின்னவர் என்னிடம், “அண்ணனுக்கும் ஒரு டீ போடுங்க” என்றார். பெரியவர், “சீனி கூடப் போடச் சொல்லுலே” என்றார். மூன்று வருஷத்தில் இருவரும் என் கடையில் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

வாய்தாவுக்குப் புறப்படுகிற வாசகர்களுக்கு என் யோசனை ஒன்றுதான் — டீயைச் செத்த மெதுவாகக் குடியுங்கள்.