சிரோமணி சார் ஜீப்பின் உயரம்

முடிச்சூரில் வேதசிரோமணியின் ஜீப்பைத் தெரியாதவர்கள் குறைவு. ஒரு காலை மடக்கித் தாவினால்தான் அதில் ஏற முடியும். கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையை இன் பண்ணாமல் தெருவில் இறங்காதவர். அப்படிப்பட்டவர் மலையேறப் போகிற பையன்களைப் போல வண்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாரே என்று தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் சிரித்தார்கள். காரணம் தெரிந்தவர்கள் சிரிக்கவில்லை.

காரணம் அவர் மனைவி செல்வமேரி. அவளுக்கு ஆஸ்துமா. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் போய், நெபுலைசர் வெறும் டப்பாவாகி, மொட்டைமாடியில் தார்ப்பாய்க்கு அடியில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். படகு வந்தது. வந்தபோது அவள் இல்லை. பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகள் ஜெரூஷா அம்மாவின் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வண்டி மட்டும் இருந்திருந்தால் என்பது அன்றைக்கு அவர் மனதில் விழுந்த முடிச்சு. அடுத்த வருஷமே பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். கூடத்துச் சுவரில் வெள்ளம் விட்டுப்போன கறையை இஞ்ச் டேப்பால் அளந்தார். இஞ்சின் காற்று இழுக்கும் வாய் அந்தக் கறைக்கு மேலே நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. பட்டை ஸ்பிரிங்கைக் கூட்டி, அதைத் தாங்கும் ஷாக்கிளை நீளமாக்கி, பெரிய டயர் போட்டுக் கொடுத்தான் ஒரு ஷெட்காரன். ஏன் என்று அவனும் கேட்கவில்லை.

தண்ணீருக்காக உயர்ந்த வண்டி தரையில் அடங்கவில்லை. வேகம் கூடினால் இடமும் வலமுமாக அலையும். பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஸ்டியரிங் கையை உதறும். வளைவில் திருப்பினால், திருப்பிய பக்கமே நிற்கும். இழுத்துத்தான் நேராக்க வேண்டும். டயரை மாற்றினார், வீல் பேலன்ஸ் பார்த்தார், உதறலை அடக்க ஸ்டியரிங்குக்கு ஒரு டேம்பர் மாட்டினார். கொஞ்ச நாள் அடங்கி, பிறகு பழைய குணத்துக்கே வந்துவிடும். அதற்காக உயரத்தைக் குறைப்பதா? அந்தப் பேச்சையே எடுக்கவிடமாட்டார். 2023 புயல் மழையில் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றபோது, அதில் ஓட்டிக்கொண்டு போய்ப் பால் வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தார். அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

போன வருஷம் ஜெரூஷாவைக் கீழ்க்கட்டளையில் கட்டிக்கொடுத்தார். இந்த வருஷம் அவள் உண்டானாள். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்று சிரோமணி ஒரே பிடியாக நின்றார். தாய் இல்லாவிட்டால் அது தாய்வீடு இல்லையா என்று சம்பந்தி வீட்டில் கேட்டார். அவர்களும் பாவம், சம்மதித்தார்கள். மாடி அறைக்கு ஜன்னல் வலை அடித்தார். கூடமாட இருக்க கங்கையம்மாள் என்ற அம்மாவை ஏற்பாடு செய்தார். பிரசவம் டிசம்பரில் என்று டாக்டர் சொன்னபோது மாப்பிள்ளை ஜெபசீலன் முகம் சுருங்கியது. சிரோமணி மட்டும், “வண்டி இருக்கு” என்றார்.

அந்த வண்டியில்தான் ஆகஸ்டில் ஒருநாள் அவளை ஸ்கேனுக்கு அழைத்துப் போனார். ஜிஎஸ்டி சாலையில், பெருங்களத்தூருக்கு முன்னால் ஒரு சின்னப் பள்ளம். முன்சக்கரம் இரண்டும் வெறி பிடித்ததுபோல் உதறின. ஜீப் பக்கத்துத் தடத்தில் பாய்ந்தது, பின்னால் வந்த லாரி சத்தமாக பிரேக் அடித்தது. ஜெரூஷா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஓரமாக நின்றதும் இறங்கி ஆட்டோவைக் கைகாட்டினாள். ஏறுவதற்கு முன் ஒன்று மட்டும் சொன்னாள்.

“எனக்கும் நம்ம வீட்டுக்கு வரணும்னுதான் டாடி இருக்கு. ஆனா இந்த வண்டியை நம்பி வரமாட்டேன். இதைச் சரி பண்ணுங்க, வரேன்.”

மறுநாளே கூடுவாஞ்சேரியில் சக்திவேல் என்ற மெக்கானிக்கிடம் போனார். சக்திவேல் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான், அடியில் படுத்துப் பார்த்தான். வண்டியைத் தூக்கியதில் முன் ஆக்சில் முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டது; அதனால் சக்கரம் தானாக நேருக்குத் திரும்பும் குணம் போய்விட்டது. ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியும் செங்குத்தாக இறங்குவதால், ஒவ்வொரு குலுக்கலுக்கும் சக்கரத்தை இழுக்கிறது. இவ்வளவையும் பொறுமையாகக் கையால் காட்டிச் சொன்னான்.

“ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல ஆப்பு வெச்சா நிமித்திடலாம் சார். ஆனா இந்த ஒசரத்துல முடியாது. ரெண்டு இஞ்சாவது எறக்குனாதான் ஆவும். பாத்துட்டு சொல்லுங்க.”

இரண்டு இஞ்ச் போனால் தண்ணீருக்குத் தாங்குமா? அதைப் பார்க்கத்தான் டேப்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். கல்யாணத்துக்கு அடித்த பெயிண்டில் கறை மறைந்து போயிருந்தது. எதிர்ப்புறம் காலி மனை. அதன் மதிலுக்கு யாரும் வெள்ளையடிக்கவில்லை, அங்கே கறை அப்படியே இருந்தது. ஜீப்பை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

மதிலில் கறை ஜீப்பின் பானெட்டுக்கு மேலே, முன்கண்ணாடியின் நடு மட்டத்தில் ஓடியது. வேறு ஏதோ பாசிக்கோடு என்றுதான் முதலில் நினைத்தார். அந்த மதிலிலும் பக்கத்து மதிலிலும் ஒரே மட்டத்தில் ஓடுவதைப் பார்த்தார். பிறகு திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். தெருவிலிருந்து கூடத்துக்கு ஏற மூன்று பெரிய படிகள். அவர் அளந்ததெல்லாம் கூடத்துத் தரையிலிருந்து. ஜீப் கூடத்தில் ஓடாது.

ஊருக்கெல்லாம் கணக்கு பார்த்த மனிதருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கம் அடங்கிய பிறகு வந்ததுதான் கொடுமை. அன்றைக்கு இந்த ஜீப் வாசலில் நின்றிருந்தாலும் செல்வமேரியைக் கொண்டுபோயிருக்க முடியாது. வண்டி இருந்திருந்தால், வண்டி இருந்திருந்தால் என்று இத்தனை வருஷம் தன்னையே திட்டிக்கொண்டிருந்தவருக்கு இப்போது திட்டவும் வழியில்லை. அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அவருக்கோ அவளை இன்னொரு தடவை பறிகொடுத்தது போல இருந்தது. படியில் உட்கார்ந்தவர் இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் சக்திவேலிடம் வண்டியை விட்டார். இரண்டு இஞ்ச் எதற்கு, கம்பெனியிலிருந்து வந்த உயரத்துக்கே இறக்கிவிடு என்றார். இவ்வளவு ஆசையாகத் தூக்கிவிட்டு ஏன் சார் என்று அவன் கேட்டதற்கு, வயசாகிவிட்டது, ஏற முடியவில்லை என்று மழுப்பினார். நீள ஷாக்கிள் போயிற்று, கூட்டிய பட்டைகள் போயின, பழைய அளவு டயர் வந்தது. ஆக்சில் நிமிர்ந்து தன் நிலைக்கு வந்ததால் ஆப்புக்கும் வேலை இல்லாமல் போயிற்று. ஓட்டிப் பார்த்தார். பள்ளத்தில் இறங்கினாலும் ஸ்டியரிங் அசையவில்லை. வளைவில் கையைத் தளர்த்தினால் சமர்த்தாக நேருக்கு வந்தது. மெக்கானிக்குக் கைகொடுத்துவிட்டுத் திரும்பினார். சந்தோஷம் மட்டும் வரவில்லை.

ஐப்பசியில் கீழ்க்கட்டளையில் வளைகாப்பு. போதகர் ஜெபம் செய்தார், பெண்கள் வளையல் போட்டார்கள், சாப்பாடு முடிந்தது. வெளியே தூறல். ஜெரூஷா பெட்டியோடு வாசலுக்கு வந்தாள். தாழ்ந்து நின்ற ஜீப்பைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. தாவாமலேயே ஏறலாம் போலிருக்கே என்று சிரித்துக்கொண்டே கதவில் கை வைத்தாள்.

சிரோமணி அந்தக் கையை மெல்ல எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“நீ இங்கயே இரும்மா. இங்கயே பெத்துக்கோ.”

“வண்டி சரியாயிடுச்சுன்னு போன்ல சொன்னீங்களே டாடி?”

“வண்டி சரியாதான் இருக்கு. நான் அளந்ததுதான் தப்பு. அன்னைக்கு வந்த தண்ணி மறுபடி வந்தா எந்த வண்டியிலயும் உன்னை வெளிய கொண்டுவர என்னால முடியாது.”

மழையே பெய்யாமலும் போகலாமே என்றாள். போகலாம் என்றார். வளையல் குலுங்கப் பெட்டியைக் கீழே வைத்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

“அம்மா இருந்தா இப்படி விட்டுட்டுப் போவாங்களா?”

மாப்பிள்ளை வந்து பெட்டியை உள்ளே எடுத்துப் போனார். சிரோமணி மகளின் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, வண்டியைக் கிளப்பினார்.

சாலையெல்லாம் பள்ளமும் தண்ணீருமாகக் கிடந்தது. ஜீப் ஒரு இடத்திலும் அலையவில்லை, ஒரு கையே போதுமாக இருந்தது. இன்னொரு கையால் அவர் தாம்பரம் வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.