துண்டால் கட்டிய கை

“நாலு எழுத்து படிச்சிட்டா நீ இன்னா டாக்டராடி?” என்றாள் அத்தை, நைனாவின் அக்கா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்குப் போன முதல் ஆள் நான், கோபம்தான் வந்தது.

பக்கவாதத்தில் நைனாவின் வலது கை விழுந்து நாலு மாதம். தைலம் தேய்த்தே ஓய்ந்திருந்தேன். நல்ல கையைக் கட்டிவைத்தால் விழுந்த கை தானாக அசையும் என்று நானே முடிவுசெய்து, அத்தை சொன்னதையும் கேட்காமல் அவரது இடது கையைத் துண்டால் கட்டினேன். அதை மறந்து, தோணியில் அக்கரைக்குக் குடிதண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

உச்சிவெயிலில்தான் திரும்பினேன். நைனாவின் வாயோரம் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

“அவுக்கப் போனா வுடமாட்டேன்றான்டி!” என்று அத்தை அழுதாள்.

நைனா குழறலாகச் சொன்னார்: “படிச்ச பொண்ணு கட்டிக்கீது. காரணம் இல்லாமயா கட்டும்?”

அவர் நம்பிய அளவுக்கு நான் படித்திருக்கவில்லை. துண்டை அவிழ்த்தேன். மறுநாள் விடிந்ததும் முதல் தோணியிலேயே அவரை ஏற்றிக்கொண்டு, வைத்தியம் தெரிந்தவர்களிடம் கேட்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன்.