எந்தத் தெரு?

நர்ஸ் வேலைக்காக ஜெர்மன் படிக்க, ஒரத்தநாட்டிலிருந்து தினமும் தஞ்சாவூருக்கு பஸ்ஸில் போய்வந்தேன். அலைச்சல் தாங்காமல், வகுப்புத் தோழியும் நானும் ஒரு சனிக்கிழமை காலை வாடகைக்கு அறை பார்க்கப் போனோம். வீட்டுக்காரம்மா காபி கொடுத்தார்.

"ஒரத்தநாட்டுல எந்தத் தெரும்மா?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். சிரித்தபடியே, "போன் பண்றேன்" என்றார்.

அன்று மதியம் வகுப்பில் பழைய ஜெர்மன் படம் ஒன்று போட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முன்பு நடக்கும் கதை. அதில் விடுதி நடத்தும் பெண் ஒருத்தி, புதிதாக வந்த வாலிபனிடம் அவன் தாயின் குடும்பப் பெயரை அன்பாக விசாரிக்கிறாள். அவன் யூதனா என்று தெரிந்துகொள்ளத்தான். அடுத்த காட்சியில் அவன் பெட்டியோடு தெருவில் நிற்கிறான். யாரும் அவனைத் திட்டக்கூட இல்லை.

"அவன் என்ன தப்பு பண்ணான் மேடம்?" என்று தோழி கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணலை. இன்னும் எவ்வளவோ வரப்போகுதுன்னு அவனுக்குத் தெரியாது," என்றார் ஆசிரியை.

வெளியே வந்ததும் தோழியின் போன் அடித்தது. வீட்டுக்காரம்மாதான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீ மட்டும்னா வாம்மா. அந்தப் பொண்ணு வேணாம்."

தோழி அவசரமாக போனை அணைத்தாள். "விடுடி, வேற ரூம் பாக்கலாம்."

திங்கட்கிழமை அவள் அந்த வீட்டுக்கே குடிபோய்விட்டாள். வேறொருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தேர்வு முடியும்வரை நான் பஸ்ஸிலேயே போய்வந்தேன்.

அடுத்த மாதம் ஜெர்மனிக்குக் கிளம்புகிறேன். போனதும் முதல் வேலையாக அறை தேட வேண்டும்.