வாசித்துவிட்டுக் கையெழுத்திட்ட எங்கள் அக்கா

அக்காவின் கருமாதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும் வணக்கம். எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். கை எழுதுகிறது, நெஞ்சு எங்கேயோ மரத்துக் கிடக்கிறது. பந்தல் போட ஆள் வந்தபோது, "அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்" என்று வீட்டுக்குள் திரும்பியவன் நான்.

அக்கா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் பொள்ளாச்சிக்குக் கிழக்கே இதே ஊரில், இதே தெருவில்தான். பள்ளிக்கூடத்தை அவர் பார்த்ததெல்லாம் என்னைக் கொண்டுபோய் விடும்போது மட்டுமே. என்னை உள்ளே அனுப்பிவிட்டுத் தோப்புக்குத் தேங்காய் பொறுக்கப் போய்விடுவார். நானும் எட்டாவதோடு நின்றவன். மிச்சப் படிப்பு டீக்கடைப் பேப்பரில். மணமான பின் அக்கா தேங்காய் நார் மில்லுக்கு வேலைக்குப் போனார். மாமா லாரிக்கு லோடு ஏற்றினார். இருவருமாகப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

எங்கள் அம்மா மழைக்காலத்தில் இறந்தார். அப்போது நம் தெருவிலிருந்து மயானத்துக்குப் பாதை கிடையாது. வாய்க்காலில் இறங்கி, வயல் சேற்றில் ஏறிப் போக வேண்டும். நடு வாய்க்காலில் முன்னால் பிடித்தவருக்குக் கால் வழுக்கி, பாடை சாய்ந்துவிட்டது. பெண்கள் நின்றுகொள்ளும் கரையிலிருந்து அக்கா அதைப் பார்த்தார். நான் திரும்பி வந்ததும் கேட்டார்: "செத்தவங்க போறதுக்குக்கூடவா சாமி நமக்கு ஒரு பாதையில்ல?"

அதன் பிறகு ஒரு கிராம சபைக் கூட்டத்தையும் அவர் விடவில்லை. போய்ப் பாதை கேட்பார். "எழுதிக்கறோம் அம்மணி" என்பார்கள். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வந்தவுடன் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து அல்லது கைநாட்டு. அப்புறம் டீ, போண்டா. கூட்டம் கலைந்த பிறகுதான் தீர்மானம் எழுதப்படும். அக்காவும் கைநாட்டு வைத்துவிட்டு நம்பிக்கையோடு வருவார். ஒரு நாள் ஊராட்சித் தலைவரிடம் பாதை எப்போது வரும் என்று கேட்டார். "அப்படியொரு தீர்மானமே இல்லீங்களே" என்றார் அவர்.

அன்று மாலையே அக்கா சத்துணவுக் கூடத்தில் நடந்த எழுத்தறிவு வகுப்பில் போய் உட்கார்ந்தார். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க? இனி ஏட்டை நானே பாத்துக்கறேன்" என்றார். தலையில் நார்த்தூசியோடு மில்லிலிருந்து நேரே போவார். மாமா சீண்டுவார்:

"ஏனம்மணி, எலெக்சன்ல நிக்கப் போறியா?"

"நின்னா நீங்க ஓட்டுப் போடுவீங்களா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

எழுத்துக் கூட்ட வந்த பிறகு அவரோடு பஸ்ஸில் போக முடியாது. கோவை உக்கடம் போய் இறங்கும் வரை கடைப் பலகைகளை எல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டே வருவார்.

அடுத்த கூட்டத்தில் பேனாவைக் கையில் வாங்கியவர் கையெழுத்துப் போடவில்லை. அன்று நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஏனுங்க, பக்கம் வெள்ளையா இருக்குதுங்களே. எதுக்குங்க கையெழுத்து?"

"அப்புறமா எழுதிக்குவோம். கையெழுத்தப் போட்டுப்போட்டு டீ குடிங்க அம்மணி" என்றார் கிளர்க்.

"டீ ஆறுனா ஆறட்டுங்க. எழுதி வாசிங்க, போடறேன்."

பின்னாலிருந்து ஒருவர், "அம்மணி கலெக்டர் ஆயிட்டாங்களாட்டம் இருக்குது" என்றார். சிரிப்பு எழுந்தது.

"கலெக்டரா இருந்தா நானே பாதை போட்டுப்போட மாட்டனுங்களா? உங்ககிட்ட எதுக்குங்க வந்து நிக்கறேன்?"

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் மில்லிலிருந்து வந்த பெண்களும் பேனாவைத் தொடவில்லை. கிளர்க் வேறு வழியில்லாமல் எழுதினார். அக்கா புத்தகத்தை வாங்கி, வரிக்கு அடியில் விரல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தார். சபை முழுக்கக் காத்திருந்தது. "பாதை அமைக்க ஆவன செய்யப்படும்."

"ஆவன செய்யப்படும்னா? ஆகுமுங்களா, ஆகாதுங்களா?"

"அது எழுதற முறை அம்மணி."

"முறை கெடக்குதுங்க. எங்கிருந்து எங்க வரைக்கும்னு எழுதுங்க."

நம் தெருத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து மயானம் வரைக்கும் என்று எழுதினார்கள். அக்கா கையெழுத்திட்டார். பாதை உடனே வந்துவிடவில்லை. அதன் பின் வந்த அத்தனை கூட்டத்திலும் அதையே கேட்டு, எழுத வைத்து, வாசித்துப் பார்த்த பிறகு, வயல்காரர் ஓரத்தில் இடம் விட்டார், வாய்க்கால் மேல் பாலம் வந்தது, சிமெண்டும் விழுந்தது.

கடைசியாகக் கோவை ஆஸ்பத்திரியில் ஆபரேசனுக்கு முன் கையெழுத்துக்கு ஒரு தாளை நீட்டினார்கள். கண்ணாடி கேட்டு வாங்கி, முழுக்க வாசித்துவிட்டுத்தான் போட்டார். நர்ஸம்மா பொறுமையாக நின்றார். அக்கா கண் விழிக்கவில்லை.

அந்தப் பாதையில்தான் கொண்டுபோனோம். முந்தின நாள் நல்ல மழை. யாருக்கும் கால் வழுக்கவில்லை, பாடை சாயவில்லை. பாலத்தைத் தாண்டும்போது எல்லோரும் அழுதார்கள். நான் என் காலைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். சேறு இல்லை. வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

தோள் கொடுத்தவர்களுக்கும், ரத்தம் கொடுத்த மில் தோழர்களுக்கும், வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும், அக்காவின் விரலைப் பிடித்து எழுத வைத்த டீச்சருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கிராம சபையில் இரங்கல் தீர்மானத்தை முதலில் எழுதி, சத்தமாக வாசித்து, அதன் பிறகே கையெழுத்துக்கு நீட்டிய அதே கிளர்க்குக்கும் நன்றி.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டினேன்.

"சரியா இருக்குதுங்களா மாமா?"

"இருக்குது மாப்பிளை. கையெழுத்தப் போடு."

போடுகிறேன்.

இப்படிக்கு,
தம்பி