தோற்றவள் கொடுத்த வெற்றிலை

வழக்கு நடத்துவதும் ஒரு வேலைதான்: மலை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் இறங்க வேண்டும், கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும், சம்பளம் கிடையாது. கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து தேய்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கைவேகம்

கொல்லிமலையில் ஒரு லாட்ஜில் பாத்திரம் கழுவினேன். சாப்பாடு பரிமாறுவதெல்லாம் அடிவாரத்துப் பெண்கள். பரிமாற ஆள் எடுத்தபோது நானும் கேட்டேன். மறுநாளே நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். மலைக்காரி என்று ஒதுக்கினார்கள், வேலையைத் திருப்பித் தர வேண்டும் என்று வழக்குப் போட்டேன். மேனேஜர் கூண்டில் ஏறி அமைதியாகச் சொன்னார்: "ஒதுக்கலைங்க. அந்தப் பொண்ணுக்குக் கைவேகம் பத்தாதுங்க."

தீர்ப்பு நாள்

அவர் சொன்னதை நம்பி வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். மலையில் எங்கள் தேவனூர் நாட்டுப் பக்கம் ஊர்க்கூட்டத்தில் தோற்றவர், ஜெயித்தவருக்கு வெற்றிலை பாக்குக் கொடுப்பார். அதோடு பகை முடிந்தது. நாளைக்கும் ஒரே பாதையில் நடக்க வேண்டுமே! அந்தப் பழக்கத்தில், கோர்ட் வாசல் கடையில் வெற்றிலை வாங்கி மேனேஜர் கையில் வைத்துக் கும்பிட்டேன். என் வக்கீல் அம்மா ஓடி வந்தார். "அடிப்பாவி, நாம அப்பீல் போகணும். நீ சமாதானமே பண்ணிட்டு நிக்கிறியே!"

மிளகுக் காட்டில்

அப்பீல் போட்டேன். ஊரில் தலைகாட்ட முடியவில்லை. வெற்றிலை கொடுத்த பிறகு அந்த வழக்கை மறுபடி எடுப்பது எங்களிடம் பெரிய கேவலம். மிளகு பறிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா ஏணியில் நின்றபடியே கேட்டுவிட்டாள்: "ஏம்புள்ள, வெத்தல குடுத்த ஈரம் காயல, மறுக்கா கோர்ட்டுக்குப் போறியாமா? எங்களுக்குல்ல கூசுது!"

மேல் கோர்ட்டில்

எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்ததே என் வெற்றிலையைத்தான். "தீர்ப்பை ஒப்புக்கொண்டு எல்லோர் முன்னாலும் கொடுத்தார்." நீதிபதி அம்மா என்னைப் பார்த்தார். "குடுத்தனுங்க. பகை வேண்டாம்னுதானுங்க," என்றேன்.

அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "சமாதானம்னா ரெண்டு பக்கமும் வேணுமே. நீங்க அந்த வெத்தலையைப் போட்டுக்கிட்டீங்களா?"

மேனேஜர் பதறிவிட்டார். "அதெப்படிங்கம்மா? மலைக்காரங்க கை பட்டதை வாயில வைப்பனுங்களா? அங்கியே வீசிட்டனுங்க."

அவருடைய வக்கீல் மெல்ல உட்கார்ந்தார். நீதிபதி அம்மா நெடுநேரம் எழுதினார். தள்ளுபடி ரத்து, வழக்கை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று உத்தரவானது. எனக்கு அது காதில் ஏறவில்லை. நான் கும்பிட்டுக் கொடுத்த வெற்றிலை, மிதிபடும் இடத்தில் கிடந்ததே கண்ணில் நின்றது. வராந்தாவில் வக்கீல் அம்மா என் தோளை உலுக்கினார். "கேஸ் பொழச்சிருச்சு கண்ணு, இப்பப் போய்த் தலையைக் குனியறியே?"

இனி யாருக்காவது வெற்றிலை கொடுக்க நேர்ந்தால், அவர் மென்று முடிக்கும்வரை எதிரிலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவேன்.