வீட்டுக்காரர்கள் இல்லாத வீட்டு ஜெபம்

வெளியூர் போகிறவர்களின் வீட்டில் தங்கி அவர்களுடைய நாயையோ பூனையையோ பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த வீடுகளில் நான் விருந்தாளியும் இல்லை, வேலைக்காரியும் இல்லை, சொந்தக்காரியும் இல்லை. அப்படியானால் யார் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அதனால் எனக்கு நானே சில மரியாதைகளை வைத்துக்கொண்டிருக்கிறேன். என் தட்டும் போர்வையும் என்னோடு வரும். அவர்கள் கட்டிலில் படுக்க மாட்டேன். அலமாரி திறந்து கிடந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாத்துவேன். நான் இவ்வளவு அடக்கமானவள் என்று யாராவது சொன்னால் என் வீட்டில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

குழித்துறையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கணவனும் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். சார் அவர்களுடைய சர்ச்சின் சபைக் கமிட்டியிலும் இருந்தார். மருமகளின் பிரசவத்துக்காக இருவரும் பஹ்ரைன் போனார்கள். வீட்டில் வயதான நாட்டு நாய் ஒன்று. அதற்கு வலிப்பு உண்டு. சாயங்காலச் சோற்றோடு மாத்திரை உள்ளே போய்விட வேண்டும்; ஒருமுறை விட்டுப்போய் அது பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது என்று டீச்சர் சொன்னார். எந்த ஃபேனுக்கு அடியில் படுக்கும், இடி இடித்தால் எங்கே ஒளியும் என்பதெல்லாம்கூடச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

முதல் சாயங்காலம் சோறு வைத்தேன். வந்து மோந்தது, என் முகத்தைப் பார்த்தது, போய்ப் படுத்துக்கொண்டது. வீட்டுக்காரர்களைத் தேடுகிறது போலும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் சந்தையில் சாளை மீன் வாங்கி, முள்ளெடுத்துப் பிசைந்து வைத்தேன். அதே பார்வை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். பட்டினி கிடந்தால் யாருக்கு நஷ்டம் என்று நாயோடு சண்டைக்குப் போனேன். அதற்கு அடுத்த நாளும் தண்ணீரைத் தவிர எதையும் தொடாதபோது கோபம் போய்ப் பயம் வந்தது. கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன். வெறும் வயிற்றில் மாத்திரையைத் திணிக்கக் கூடாது, எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்றார். டீச்சரைக் கூப்பிட்டால் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். மருமகளுக்கு வலி வந்திருந்தது. சோற்று விஷயத்தில் அவனுக்கு அப்படி ஒரு பிடிவாதமும் கிடையாதே என்று அவரும் குழம்பினார்.

அன்று இருட்டும் நேரம், பக்கத்து வீட்டில் குடும்ப ஜெபத்துக்குப் பாட்டு எழுந்தது. சுருண்டு கிடந்த நாய் எழுந்து ஹாலுக்குப் போனது. அங்கே ஒரு நாற்காலியில் வேதப்புத்தகம் இருந்தது. அதற்கு முன்னால் முன்னங்கால்களை நீட்டிப் படுத்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு என்னை ஓரக்கண்ணால் பார்த்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வீட்டில் ஜெபம் முடிந்துதான் சோறு. டீச்சர் மறந்துபோய்ச் சொல்லாமல் விடவில்லை. மூச்சு விடுவதைப் பழக்கம் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

கோயில் பூனை சாமிக்கு அஞ்சாது என்பார்கள். எனக்கு வாய்த்த நாய் அதற்கு நேர் எதிர். அடுக்களையில் நின்றபடியே சின்னக் குரலில் "ஆமென்" சொல்லிப் பார்த்தேன். காதை அசைத்தது, எழவில்லை. போனில் ஒரு ஜெபத்தைப் போட்டுவிட்டேன். வந்து போனை மோந்துவிட்டு மறுபடியும் போய்ப் படுத்தது. ஆள் ஒன்று உட்கார்ந்து வாய்திறந்து ஜெபித்தே ஆகவேண்டும்.

நாங்கள் பூதப்பாண்டிப் பக்கம், அய்யாவழிக் குடும்பம். நெற்றியில் நாமமிட்டு, கண்ணாடிக்கு முன் நின்று எங்கள் தெய்வமான அய்யாவைக் கும்பிடுகிறவர்கள். அவர்களுடைய ஜெபம் எனக்குத் தெரியாது. தெரிந்தமாதிரி நடித்தால் அவர்கள் ஆண்டவரையும் ஏமாற்றுகிறேன், அய்யாவையும் ஏமாற்றுகிறேன், நாயையும் சேர்த்து ஏமாற்றுகிறேன். சரி, என் கும்பிடலையே சொல்லலாம் என்றால், கட்டிலில்கூடப் படுக்காதவள் அவர்கள் வேதப்புத்தகத்துக்கு முன்னால் அதைச் செய்வது எந்த மரியாதையில் சேரும்? டீச்சரிடம் கேட்கலாமா? பிரசவ அறை வாசலில் நிற்பவரிடம் கேட்கிற கேள்வியா இது? சந்தோஷப்பட்டு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சபைக்குப் போகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? நாய் தலையை எடுக்கவே இல்லை.

தரையில் உட்கார்ந்தேன். புத்தகத்தைத் தொடவில்லை.

"அய்யா, அறிஞ்சும் அறியாமலும் செய்த பிழையெல்லாம் பொறுக்கணும். அங்க அந்தப் பிள்ளைக்கு நல்லபடியா பேறு ஆவணும். இந்தச் சீவன் சோறு திங்கணும்."

இதை எப்படி முடிப்பதென்று தெரியாமல் "ஆமென்" என்றேன். நாய் எழுந்து நேரே சட்டிக்குப் போய், மாத்திரையோடு எல்லாவற்றையும் தின்றது. எனக்கு அழுகை வந்தது. எதற்கு அழுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. அதன் பிறகு தினமும், பேத்தி பிறந்த பிறகும், ஒரு சொல் மாற்றாமல் இதுதான். நான் கும்பிட்டது யாரை, கேட்டது யார் என்று யோசித்தால் தலை சுற்றியது. யோசிப்பதை விட்டுவிட்டேன்.

பேத்தி பிறந்து, அங்கே உதவிக்கு ஆள் அமைந்த பிறகு அவர்கள் திரும்பி வந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டான் என்று மட்டும் சொல்லிவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் போன் வந்தது. டீச்சராக இருக்கும் என்று எடுத்தேன். சார் பேசினார். என்னோடு அதிகம் பேசாத மனிதர்.

"மக்ளே, உள்ளதப் பறையணும். நீ இவனுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்த? நாங்க ஜெபம் முடிச்சாலும் எழும்பல்ல. வந்ததுலேருந்து சோறு தின்னல்ல."

மறைத்தால் மாத்திரை உள்ளே போகாது. சொன்னால் சபைக் கமிட்டிக்காரர் வீட்டில் அய்யாவைக் கூப்பிட்டதைச் சொல்லவேண்டும். ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். இனி அந்த வீட்டு வாசல் எனக்கில்லை, குழித்துறையில் வேறெந்த வாசலும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"ஸ்பீக்கர்ல போடுதேன்," என்றார். "இங்க வச்சுச் சொன்னத அப்படியே சொல்லு."

கொல்லையில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டேன். பிழை பொறுக்கச் சொன்னேன். பேறு முடிந்துவிட்டதே என்று ஒரு கணம் தடுமாறி, அந்தப் பச்சைப்பிள்ளை நல்லா இருக்கணும் என்றேன். சீவன் சோறு திங்கணும் என்றேன். கடைசிச் சொல் வரவில்லை. அது அவர்களுடைய சொல். அவர்களே அங்கே இருக்கும்போது அதை எடுக்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியாமல் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அங்கே தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"ஆமென்," என்றார் சார்.

கொஞ்ச நேரத்தில் சட்டி தரையில் உரசுவது கேட்டது. அது தின்று முடிக்கும்வரை அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.